கோலாலம்பூரில் வசந்தம் எப்போது? பீரோவில் பூஞ்சை, உடம்பில் அசதி, பத்து நாளில் சித்திரை

மூணுமாசப்புதுசு:

வணக்கம். மதுரையிலிருந்து கோலாலம்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று காலை பீரோவைத் திறந்தால் கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் மாவு தூவிய மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை. அவருடைய தோல் செருப்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. பீரோவின் பின்பலகையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். வீடு முழுக்க ஊறிப்போன சாக்கு வாடை. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டொராண்டோவில் இருக்கும் அக்கா, அங்கே பனி விட்டு வசந்தம் வந்துவிட்டது, வீட்டையும் உடம்பையும் இயற்கையாகப் புதுப்பித்துக்கொள்ள இதுதான் நேரம் என்று ஒரு பட்டியல் அனுப்பினாள். ஜன்னலையெல்லாம் திற, வினிகரும் சோடா மாவும் கலந்து துடை, வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடி, ஒரு வாரம் ஜூஸ் மட்டும். நானும் இரண்டு வாரமாக ராப்பகலாக ஜன்னலைத் திறந்து வைத்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. தலைமுடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இந்த ஊர்த் தண்ணீர்தான் காரணமா? உடம்பில் தெம்பே இல்லை. பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைச் சுத்தம் செய்யலாமா? ஒரு கடையில் உடம்புச் சூடு தணிய லேகியம் தருகிறோம் என்கிறார்கள்.

14ஆம் தேதி சித்திரை ஒன்று. முந்தின நாள் மாமியார் வருகிறார். வழி சொல்லுங்கள். கெமிக்கல் எதுவும் வேண்டாம்.

செந்தூல்காரன்:

சகோதரி, இங்கே வசந்தம் என்று ஒன்று கிடையாது. நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்த ஊரில் அதே மாதங்களில் மத்தியானம் வரை கொளுத்தும், மூன்று நான்கு மணிக்கு வானம் கறுத்து இடியோடு ஊற்றும். அக்காவின் பட்டியல் அக்கா ஊருக்குத்தான் சரி. அங்கே ஆறு மாதம் மூடிக் கிடந்த வீடு, வெளிக்காற்று வறண்ட காற்று.

நான் வந்தது 2009இல். கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை, ஆறு பேர், ஜன்னலே கிடையாது. துவைத்த சட்டை நான்கு நாளானாலும் காயாது. வேறு வழியில்லாமல் ஈரச் சட்டையோடு வேலைக்குப் போய், தோளிலிருந்து இடுப்பு வரை படர்தாமரை. கிளினிக்குக்குப் போகக் காசில்லை. ராத்திரியில் சொறிந்து சொறிந்து விரிப்பெல்லாம் ரத்தம். ஊருக்குப் போன் செய்தால், நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்வேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் நீங்கள் அழுததில் தப்பே இல்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுங்கள், பீரோவில் காய்ந்த வேப்பிலை வையுங்கள். மலாய்க்காரர்களிடம் செமாம்பு என்று கேட்டால் வேப்ப மரத்தைக் காட்டுவார்கள். சாம்பிராணியே இந்தப் பக்கத்துச் சரக்குதான், சுமத்ராக் காட்டு மரத்துப் பிசின்.

பாயான்லெப்பாஸ்:

சாம்பிராணி போடாதீர்கள். கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) புகை அலாரம் அடித்துக் காவலாளி கதவைத் தட்டியது என் வீட்டிலேயே நடந்தது. பூஞ்சையைப் புகை ஒன்றும் செய்யாது. வேப்பிலை பூச்சியை விரட்டும், ஈரத்தை விரட்டாது.

வினிகரையும் சோடா மாவையும் கலந்தால் நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர் மாதிரிதான். வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள். பிளீச் ஊற்றிய இடத்தில் மட்டும் வினிகர் படவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

என் தீர்வு ஒன்றுதான்: ஜன்னலை அடைத்துவிட்டு ஏசியை ஈரத்தை எடுக்கும் டிரை மோடில் நாள் முழுக்க ஓட விடுங்கள்.

ஈப்போபேத்தி:

நான் இங்கேயே பிறந்தவள். ஏசிதான் வீட்டுக்குப் பூஞ்சையைக் கொண்டுவருவதே. எங்கள் பாட்டியின் தோட்டத்து வீட்டில் ஏசியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. பலகைச் சுவர், மேலே காற்று போக இடைவெளி, அஞ்சடியில், அதாவது வாசல் நடையில், நாள் முழுக்கத் துணி ஆடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு கட்டு செராயை, அதாவது எலுமிச்சைப் புல்லை, தட்டிக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் தரையைத் துடையுங்கள், வாடை போய்விடும். சமையலறை அலமாரியில் வாசனைக்குப் பாண்டான் இலை. தலைக்கு லீமாவ் பூருட் என்ற சொரசொரப்பான எலுமிச்சைப் பழம் நசுக்கித் தேய்த்துக் குளித்தால் மண்டை குளிர்ந்து போகும். எல்லாம் பாசாரில் (சந்தையில்) இரண்டு மூன்று வெள்ளிதான் (ரிங்கிட்).

சுபாங்வாசி:

ஏசியை நாள் முழுக்கப் போடச் சொல்கிறீர்களே, மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது? எங்களுக்கு இரண்டு மாத டெபாசிட், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, அது போக முன்வாடகை. காலி செய்யும்போது சுவரில் பூஞ்சை என்று டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். குடிவந்த அன்றே அந்தச் சுவர் அப்படித்தான் இருந்தது. போட்டோ எடுத்து வைக்காதது இன்னும் உறுத்துகிறது.

செந்தூல்காரன்:

டெபாசிட் கேட்கிறார்களே, அதுவரைக்கும் சந்தோஷம். தமிழ்ப் பெயரைச் சொன்னதுமே வீடு போய்விட்டது என்று போனை வைத்தவர்கள் எத்தனை பேர். சமைத்தால் மசாலா வாடை அடிக்குமாம். இதே ஊரில் பதினைந்து வருடமாக வரி கட்டுகிறேன்.

ஈப்போபேத்தி:

அண்ணா, இங்கேயே பிறந்த எங்களுக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது. என் அண்ணனுக்கு வீடு கிடைக்க நாலு மாதம் ஆனது.

கிள்ளான்நர்ஸ்:

வாடகைக் கதை என்னிடமும் இருக்கிறது, அதற்குத் தனி இழை தொடங்கலாம். இந்தப் பெண்ணுக்குக் கையில் பத்து நாள்தான் இருக்கிறது.

தங்கச்சி, இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா, என்ன வயது? நீங்கள் கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா? ஏசி எத்தனை டிகிரியில், அப்போது ஜன்னல் திறந்திருக்கிறதா? துணியை எங்கே காயப்போடுகிறீர்கள்? பீரோ எந்தச் சுவரை ஒட்டி நிற்கிறது? அலமாரியில் ஏற்கெனவே என்ன போட்டு வைத்திருக்கிறீர்கள்?

மூணுமாசப்புதுசு:

அக்கா, இதெல்லாம் முக்கியம் என்று தெரியாமல் விட்டுவிட்டேன். பாப்பாவுக்கு ஐந்து மாதம், மதுரையில் பிறந்தாள். தாய்ப்பால்தான். ராத்திரி ஏசி 18இல் இருக்கும், அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று ஜன்னலை ஒரு சாண் திறந்து வைப்போம். பால்கனி சின்னது, பாப்பா துணியெல்லாம் படுக்கையறையில் கொடி கட்டிக் காயும். பீரோ குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. பாப்பா துணி அடுக்கில் நான்கு பாச்சா உருண்டை போட்டிருக்கிறேன்.

கிள்ளான்நர்ஸ்:

உருண்டையை இப்போதே எடுத்து, உறையில் இறுக்கிக் கட்டி வீட்டுக்கு வெளியே போடுங்கள். அந்த அடுக்கில் இருந்த துணி, போர்வை எல்லாவற்றையும் துவைத்து, வெளியே காற்றில் வாடை போகும்வரை காயவைத்த பிறகுதான் பாப்பா உடம்பில் படலாம். அது நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாடை ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இங்கே ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே அந்தச் சோதனை செய்துவிடுவார்கள். மதுரையில் செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளைப் பாருங்கள், இல்லையென்றால் கிளினிக்கில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கண்ணோ தோலோ மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்துப் போனால், பாப்பா வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடந்தால், காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். கற்பூரம் கலந்த தைலமும் கைக்குழந்தைக்குத் தடவ வேண்டாம்.

அடுத்து உங்கள் தலைமுடி. தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் சேர்ந்து கொட்டும். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டி அது தானாகச் சரியாகிவிடும். நான் என் மூத்தவனுக்குப் பால் கொடுத்த காலத்தில் குளியலறை வடிகட்டியில் சுருண்ட முடியைப் பார்த்துப் பயந்து, மூன்று எண்ணெய் மாற்றினேன். எதுவும் தேவைப்படவில்லை. சனியோ வெள்ளியோ, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளியுங்கள், சுகமாக இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் மட்டும் வேண்டாம், மாமியார் சொன்னாலும் சரி.

பேதி மருந்து கூடாது. ஜூஸ் மட்டும் குடிப்பதும் கூடாது. பால் கொடுப்பவள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். உடம்புக் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்கிற வேலை, எலுமிச்சைத் தண்ணீர் அதைச் செய்யாது, தாகத்துக்குக் குடியுங்கள். தெம்பில்லை என்கிறீர்களே, ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டுமே குறைய வாய்ப்புண்டு. முருங்கைக்கீரை, முட்டை, மீன், நீர்மோர், இவற்றுக்கு மேல் ஒரு சுத்திகரிப்பு வேண்டாம். லேகியம் வாங்கியே தீர வேண்டுமென்றால் டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் தாளில் மடித்துக் கொடுப்பதில் ஈயம்கூடக் கலந்திருக்கலாம்.

வீட்டுப் பக்கத்தைப் பினாங்கு அண்ணன் பாயான்லெப்பாஸ் சொல்லட்டும்.

பாயான்லெப்பாஸ்:

18 டிகிரி, திறந்த ஜன்னல். இதுதான் விஷயம். ஈப்போ தங்கை சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததுதான் தப்பு. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, உங்கள் படுக்கையறைச் சுவர் இப்போது அந்த டம்ளர். இந்த ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்கு 23, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் கோக்கும். ஏசியை 25, 26இல் வையுங்கள். ஏசி ஓடினால் ஜன்னல் மூடியிருக்கட்டும். ஜன்னல் திறந்தால் ஏசியை நிறுத்திவிடுங்கள்.

திறக்கவும் நேரம் உண்டு. விடியற்காலைக் காற்றில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். பத்து மணிக்கு மேல் குறையும். பத்திலிருந்து இரண்டு வரை திறந்து மின்விசிறி போடுங்கள், வானம் கறுத்ததும் அடைத்துவிடுங்கள். சுபாங் நண்பருக்கு: இப்படிச் செய்தால் ஏசி நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை.

துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். அந்தத் தண்ணீர் முழுக்கப் பீரோவுக்குள்தான் போகிறது. பால்கனியில் மடக்குக் கொடி போட்டு ஒரு தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் துவையுங்கள். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிப் பீரோவுக்குள் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை வளராது. அப்புறம் பீரோவை நாலு விரல் அளவு முன்னால் இழுத்துப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குளியலறைச் சுவர் என்கிறீர்கள், எனக்கு அதுதான் சந்தேகம்.

ஈப்போபேத்தி:

சரி அண்ணா, பலகை வீட்டுச் சுவர் குளிராது என்பதை நான் யோசிக்கவில்லை.

புடவைக்கு நான் சொல்கிறேன். அறைக்குள் உதறாதீர்கள், பாப்பா மூச்சில் போகும். பால்கனியில் நிழலில் விரித்து, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டுங்கள். நேர்வெயிலில் பட்டு வெளுக்கும். இரண்டு மூன்று மணி நேரம் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். பீரோப் பலகையை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, கதவைத் திறந்து வைத்து மின்விசிறியில் முழுக்கக் காய்ந்த பிறகே அடுக்குங்கள். பால்கனிச் செடித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு அங்கேதான் முட்டை போடும்.

மூணுமாசப்புதுசு (மூன்று நாள் கழித்து):

நீங்கள் சொன்ன அன்றே உருண்டையை வெளியே போட்டுவிட்டேன். துணியெல்லாம் இரண்டு தடவை துவைத்தாயிற்று. டிஸ்சார்ஜ் தாளில் அந்தச் சோதனை இல்லை, கிளினிக்கில் பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், பார்க்க நன்றாக இருக்கிறாள் என்றார் டாக்டர். எனக்கு ஹீமோகுளோபின் 9.8, மாத்திரை கொடுத்திருக்கிறார்.

பீரோவை இழுத்தோம். பின்னால் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக உப்பியிருந்தது. விரலால் தொட்டால் ஈரம், உள்ளே சுண்ணாம்பு பிசுபிசுவென்று வந்தது. குளியலறைக் குழாய் கசிகிறது. ஓனருக்கு எப்படி எழுத வேண்டும்?

சுபாங்வாசி:

தேதி தெரிகிற மாதிரி போட்டோவும் வீடியோவும் எடுத்து, இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். கொண்டோ நிர்வாக அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. கசிவு மேல்வீட்டுக் குழாயா என்று அவர்கள்தான் வந்து பார்ப்பார்கள். பிளம்பர் வேலை முடியும்வரை பீரோவை அந்தச் சுவரிடம் கொண்டுபோகாதீர்கள். சுவர் காய்வதற்கு முன் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள்.

மூணுமாசப்புதுசு:

அனுப்பிவிட்டேன், வியாழக்கிழமை ஆள் வருகிறார்களாம். பீரோ இப்போது கூடத்தில் நிற்கிறது, மீட்டர் 58 காட்டுகிறது. கடைசியாக ஒன்று, பச்சடிக்கு வேப்பம்பூ எங்கே கிடைக்கும்?

செந்தூல்காரன்:

காய்ந்தது பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் கேட்டுப் பாருங்கள். 12ஆம் தேதிக்குள் போய்விடுங்கள், கடைசி நாளில் மாவிலைகூட மிஞ்சாது.