நம்ம சத்துவாச்சாரி வீடு: கயல் மேல்படிப்பு

கயல்: அத்தை, லண்டன்ல ரெண்டு கோர்ஸ், அமெரிக்காவுல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். மூணும் கவுன்சலிங் சம்பந்தப்பட்டதுதான். ரேங்க் பாத்தா எது நல்லது?

மேகலா அத்தை: ரேங்க் அப்புறம் கண்ணு. ப்ளேஸ்மென்ட், அதாவது படிக்கும்போதே ஒரு இடத்துல போய் ஆள் பாத்துப் பழகறது, எத்தனை மணி நேரம், அந்த இடத்தை யார் பிடிச்சுக் கொடுப்பாங்க, இதை முதல்ல பாரு. இந்தத் தொழில்ல ஆளுக்கு எதிர்ல உக்காந்து பேசின மணிக்கணக்குதான் பேசும்.

மேகலா அத்தை: நீ அனுப்பினதுல ஒண்ணு எம்.எஸ்சி சைக்காலஜி கன்வர்ஷன், வேற டிகிரி படிச்சவங்க சைக்காலஜிக்கு மாறற கோர்ஸ். அதுல ஆராய்ச்சி, புள்ளியியல் எல்லாம் நல்லா வரும். ஆனா முடிச்சதும் கவுன்சலர் ஆக முடியாது. ஏஜென்ட்டுங்க இதைத்தான் கவுன்சலிங்னு தள்ளி விடறாங்க.

பாலு சித்தப்பா: யுகேல "கவுன்சலர்"ங்கிற பேருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, யார் வேணா போட்டுக்கலாம். அதனாலதான் வேலை தர்றவங்க பிஏசிபி (அங்க இருக்கற கவுன்சலர்கள் சங்கம்) மாதிரி அமைப்போட அங்கீகாரம் கேக்கறாங்க. "கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்" வேற. அதுக்கு எச்சிபிசிங்கிற சட்டபூர்வ அமைப்புல பதிவு வேணும், டாக்டரேட் அளவு படிப்பு.

மேகலா அத்தை: பிஏசிபி அங்கீகாரம் வாங்கின கோர்ஸ்ல குறைஞ்சது 100 மணி நேரம் மேற்பார்வையோட ஆள் பாக்கணும். அபாயின்ட்மென்ட் வாங்கிட்டு ஆள் வரலைன்னா அந்த நேரம் கணக்குல ஏறாது. பசங்க தவறவிடறது இங்கதான். வாரம் 4 பேர்னு போட்டுக்கிட்டா நிஜத்துல உக்காரப்போறது 3 பேர்.

பாலு சித்தப்பா: இன்னொரு சிக்கல். அங்க நல்ல கவுன்சலிங் டிப்ளமோ நிறைய பகுதி நேரம். நம்ம புள்ளைங்களுக்கு முழு நேரக் கோர்ஸ்தான் சரிப்பட்டு வரும், பகுதி நேர ஸ்டூடன்ட் விசால போனா அங்க வேலை செய்ய அனுமதி இல்ல. காட்ட வேண்டிய பணம் 28 நாள் தொடர்ந்து அக்கவுண்ட்ல இருக்கணும். நடுவுல ஒரு நாள் குறைஞ்சாலும் விசா மறுப்பு வரும்.

கயல்: அமெரிக்கா, சித்தப்பா?

பாலு சித்தப்பா: அங்க கவுன்சலிங் கோர்ஸை அங்கீகரிக்கற அமைப்பு கேக்ரெப். அந்த அங்கீகாரம் இருக்கற மாஸ்டர்ஸ் 60 கிரெடிட். பிராக்டிகம்ங்கிற முதல் கட்டப் பயிற்சி 100 மணி, அதுல 40 நேரடியா ஆள் பாக்கறது. அப்புறம் இன்டர்ன்ஷிப் 600, அதுல 240 நேரடி. வெளியில இன்டர்ன்ஷிப் போறதுக்கு முன்னாடியே சிபிடி (படிக்கும்போதே வேலைப் பயிற்சி) அனுமதி, காலேஜ் தர்ற ஐ-20 படிவத்துல ஏறணும்.

பாலு சித்தப்பா: பெரிய இடி அதுக்கப்புறம். லைசென்ஸ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேற. பல மாநிலத்துல படிப்புக்குப் பின்னாடி 2000லேர்ந்து 3000 மணி நேரம் கேக்கறாங்க, அதுக்கே ரெண்டு வருஷம் ஓடிடும். படிப்பு முடிச்சு அங்க வேலை செய்யத் தர்ற ஓபிடி அனுமதியோ 12 மாசம். கோர்ஸோட சிஐபி கோட் (பாடப்பிரிவு எண்) ஸ்டெம், அதாவது அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியல்ல இல்லன்னா நீட்டிப்பும் இல்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டு லோன் எடுக்கணும்.

காட்பாடி பெரியம்மா: மேகலா, பாகாயம் சிஎம்சி மனநலப் பிரிவுல வீட்டு ஆளும் நோயாளி கூடவே தங்கிப் பாத்துக்கறாங்களே. அங்கயும் அப்படித்தானா?

மேகலா அத்தை: பெரும்பாலும் இல்லண்ணி. தனியா ஒருத்தர்தான் உள்ள வருவாங்க. பேசினதை அவங்க சம்மதம் இல்லாம அம்மாகிட்ட கூட சொல்லக்கூடாது, உயிருக்கு ஆபத்து மாதிரி சில சமயம் மட்டும் விலக்கு. ஆனா பின்லாந்துல, லாப்லாந்து மேற்குப் பகுதியில, 1980கள்ல குடும்பத்தையும் சேர்த்து உக்கார வெச்சுப் பேசற முறையை வளர்த்தாங்க. "ஓப்பன் டயலாக்"னு பேரு. அதனால கயல், வீட்டாளைச் சேக்கறது பழைய முறைன்னு யாராவது சொன்னா நீ நம்பாத.

மேகலா அத்தை: மனச்சோர்வு எவ்ளோன்னு பாக்கற பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை இப்பவே பழகு. 9 கேள்வி, ஒவ்வொண்ணும் 0லேர்ந்து 3, மொத்தம் 27. 10 அல்லது அதுக்கு மேல வந்தா விரிவா பாக்கணும். ஆனா மொத்தம் எவ்ளோ குறைவா இருந்தாலும், சாகணும்ங்கிற எண்ணம் பத்தின 9வது கேள்வியில 1 வந்தாலே அன்னிக்கே தற்கொலை எண்ணம் பத்தி நேரா கேக்கணும். மொத்தத்தை மட்டும் பாத்துட்டு விடறது ஆபத்தான தப்பு.

கயல்: திரும்பி வந்தா இங்க செல்லுமா?

மேகலா அத்தை: ஸ்கூல், காலேஜ், கம்பெனியில கவுன்சலரா சேரலாம். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேணும், வெளிநாட்டு கவுன்சலிங் டிகிரியை மட்டும் வெச்சு அது கிடைக்காது. அதுதான் உன் ஆசைன்னா இங்கயே அதுக்கான படிப்பைப் பாரு.

மேகலா அத்தை: தமிழ்லயும் பயிற்சி பண்ணு. நம்ம ஊர் ஜனங்க "டிப்ரஷன்"னு வர மாட்டாங்க. "தலை கனக்குது, நெஞ்சு படபடங்குது, சோறு எறங்கல"ன்னுதான் வருவாங்க.

கயல்: மூணு காலேஜுக்கும் மெயில் போடறேன் அத்தை. ப்ளேஸ்மென்ட் யார் பிடிப்பாங்க, நேரடி மணி எத்தனை, எந்த அமைப்போட அங்கீகாரம். இது போதுமா?

மேகலா அத்தை: சூப்பர்விஷன் (மேற்பார்வை) செலவு காலேஜ் ஃபீஸ்ல சேருமா, தனியா கட்டணுமான்னும் கேளு. சொந்தமா தெரபி எடுத்தே ஆகணும்னு சில கோர்ஸ்ல விதி இருக்கும், அந்தச் செலவும் உன் தலையிலதான். பதில் வந்ததும் இந்தக் குடும்பக் குரூப்ல போடு.