கணக்குப் பாடம் உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி

சித்தி, சுங்கை சிப்புட், மலேசியா:
எங்கள் அக்கா மகள் பாலர் பள்ளியிலேயே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு யார் வந்தாலும் "கெட்டிக்காரி, டாக்டராயிடுவா" என்பார்கள். நான்காம் ஆண்டில் பின்னக் கூட்டல் வந்ததும் கதை மாறியது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலெண்ணோடு மேலெண், கீழெண்ணோடு கீழெண்! சிவப்பு மையைப் பார்த்ததும் பக்கத்தையே கிழித்துவிட்டாள். அப்புறம் கணக்குப் பாடம் உள்ள நாளெல்லாம் வயிற்றுவலி.

டீச்சர் திட்டவும் இல்லை, "பரவாயில்லை" என்று விடவும் இல்லை. "உன்கிட்ட அரை ரொட்டி இருக்கு, மேல கொஞ்சம் தர்றேன். அரையைவிடக் குறைஞ்சிடுமா?" என்று கேட்டாராம். ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது என்பதை அவளே படம் போட்டுக் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறாள். இப்போது தப்பாய்ப் போன கணக்கைத்தான் வீட்டில் முதலில் காட்டுகிறாள். வயிற்றுவலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது.

செம்பனை லோரி ஓட்டும் அப்பா:
என் மகன் புகுமுக வகுப்பில் இருக்கிறான். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் போதாத பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு படிக்கும் வகுப்பு. கோயில் திருவிழாவில் ஒருவர் அவன் முன்னாலேயே "ஒரு வருசம் வீணா?" என்றார். "மலாய்க்கு ஒரு வருசம் கூடுதலா கிடைச்சிருக்குண்ணே" என்றேன். சும்மா வாய்வார்த்தை இல்லை. ஆலையில் பழத்தை எடை போட்டுத் தரும் ரசீதை அவனைத்தான் படிக்கச் சொல்வேன். தெரியாத சொல்லை அடிக்கோடிட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வருவான். நானும் சேர்ந்து படிக்கிறேன். இத்தனை வருடமாக அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டதோடு சரி.

ஓய்வு பெற்ற ஆசிரியை:
ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் போனது. "எத்தனை ஏ?" என்ற கேள்வி போகவில்லை, இப்போது பள்ளி 1 முதல் 6 வரை போடும் மட்டத்தை வைத்து "அடைவுநிலை 5-ஆ, 6-ஆ?" என்கிறார்கள், அவ்வளவுதான்.

சித்தி சொன்னது பல வீட்டிலும் நடப்பது. 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். புதிர்களை முடித்ததும் சிலரைப் புத்திசாலி என்றும், சிலரை நன்றாக உழைத்ததாகவும் பாராட்டினார்கள். அடுத்து, கடினமான புதிர்கள். அதில் தடுமாறிய பிறகு மறுபடி எளிய புதிர்கள் கொடுத்தபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள்!

அதற்காக "முயற்சி செய், முயற்சி செய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. டுவெக்கே பின்னாளில் இதை எச்சரித்தார். வழி தெரியாத பிள்ளை விடிய விடிய உட்கார்ந்தாலும் ஐந்தில் இரண்டுதான் எழுதும். அங்கே வேலை செய்தது அந்த ரொட்டிக் கேள்வி.

சித்தி:
நன்றி டீச்சர். ஆனால் "கெட்டிக்காரின்னு சொல்லாதீங்க" என்றால் எங்கள் அம்மா கோபித்துக்கொள்கிறார்.

ஓய்வு பெற்ற ஆசிரியை:
பாட்டியை விடும்மா, கொஞ்சட்டும். "இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடு" என்று பேத்தியிடம் கேட்கச் சொல். எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று பக்கத்தில் இருக்கும் உனக்கும் தெரிந்துவிடும்.