உமி கலந்த கம்போஸ்ட் போட்ட கத்தரி மஞ்சளாகிறது. யூரியாவுக்கே திரும்ப வேண்டுமா?

செம்மண்காடு:

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் நிலம். சரளை கலந்த செம்மண், இரண்டடி தோண்டினால் செம்புறாங்கல் தட்டும். கிணற்றுப் பாசனம். தைப் பட்டத்தில் 40 சென்ட் கத்தரி, 20 சென்ட் வெண்டை வைத்திருக்கிறேன்.

போன வருடம் வரை இந்த 60 சென்டுக்கு மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) ஒரு மூட்டை டிஏபி, ஒரு மூட்டை யூரியா போட்டு வந்தோம். மண் வருடா வருடம் இறுகிக்கொண்டே போகிறது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே மேல்மண் ஓடு மாதிரி காய்கிறது. எவ்வளவு கொத்தினாலும் ஒரு மண்புழு கண்ணில் படுவதில்லை. இதே காட்டில் காலால் கிளறினாலே புழு நெளியும் என்று அப்பத்தா சொல்வார். அதனால்தான் இந்தமுறை ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தினேன்.

கார்த்திகைக் கடைசியில் புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலையிலிருந்து உமி ஏற்றி வந்தேன். பாதி உமி, மீதி மாட்டுச் சாணமும் உதிர்ந்த இலையும் கலந்து குவித்தேன். ஆறு வாரம் கழித்து இரண்டு டிராக்டர் லோடு நிலத்தில் இறைத்து உழுதுவிட்டேன். நட்ட பிறகு இரண்டு தடவை சாணமும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தமும் விட்டாயிற்று.

இப்போது 30 நாள் பயிர். செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை, வெளிறிப்போய் நிற்கிறது. உரக்கடையில் கேட்டால், ஒரு மூட்டை யூரியா வீசு, மூன்று நாளில் கரும்பச்சையாகக் கறுத்துவிடும் என்கிறார்கள். வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்தால் போதும். தூக்கமே வரவில்லை.

கண்மாய்க்கரை:

முதலில் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி.

மஞ்சள் அடி இலையில் ஆரம்பித்ததா, கொழுந்திலா? வெண்டையில் இலை முழுக்க மஞ்சளா, நரம்பு மட்டும் வலை மாதிரி மஞ்சளா? நரம்பு மட்டும் என்றால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய், உரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கத்தரியில் இரண்டு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள், வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கிறதா? இருந்தால் நூற்புழு. கடைசியாக, மண்ணைக் கிளறினால் உமி உமியாகவே கிடக்கிறதா?

செம்மண்காடு:

பார்த்துவிட்டேன் அண்ணே. அடி இலையில்தான் ஆரம்பம், இப்போது மேலே ஏறுகிறது. வெண்டையிலும் இலை முழுக்க ஒரே வெளிறல். வேரில் முடிச்சு இல்லை. உமி அப்படியே கிடக்கிறது, நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

இன்னும் ஒன்று. களைச்செடிகூட மஞ்சளாக இருக்கிறது. ஆனால் முன்பு மாடு கட்டிய மூலையில் பத்துப் பதினைந்து கத்தரி மட்டும் நல்ல கரும்பச்சை. அங்கேயும் இதே கம்போஸ்ட்தான் போட்டேன்.

கண்மாய்க்கரை:

அந்த மூலையும் களையும் சேர்ந்து பதிலைச் சொல்லிவிட்டன. இது நோய் இல்லை, தழைச்சத்துப் (நைட்ரஜன்) பசி. நீங்கள் போட்டது இன்னும் கம்போஸ்ட் ஆகவில்லை என்பதால் வந்தது.

மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் குப்பையின் கரிச்சத்தை (கார்பனை) தின்று வளர்கின்றன. உடம்பைக் கட்ட அவற்றுக்குத் தழைச்சத்தும் வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரி என்ற கணக்கில் குவியல் போட்டால் சரியாக வெந்து மக்கும். சாணம் ஏறக்குறைய அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உமியில் கரி அதைப்போலப் பல மடங்கு, சிலிக்கா வேறு கூட, அதனால் சீக்கிரம் மக்காது. பாதி உமி என்றால் குவியலில் தழைச்சத்து போதவே போதாது. அதை வேகாமல் மண்ணுக்குள் புதைத்தால், நுண்ணுயிர்கள் உமியைத் தின்பதற்காக மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். செடியின் வேர் அவற்றோடு போட்டி போட முடியாது. மாடு கட்டிய மூலையில் பல வருட மூத்திரமும் சாணமும் ஊறிக் கிடப்பதால் இரண்டு பேருக்கும் போதுமான அளவு இருக்கிறது.

பிடித்த தழைச்சத்து எங்கேயும் போய்விடாது. உமி கரையக் கரைய, அந்த நுண்ணுயிர்கள் செத்து மடிய மடிய, அது மண்ணுக்கே திரும்பும். ஆனால் உங்கள் கத்தரி அதுவரை காத்திருக்காது.

ஜீவாமிர்தத்தை நம்பி நிறைய பேர் இங்கேதான் இடறுகிறார்கள். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. மொத்தமாகக் கணக்குப் போட்டால் அதில் உள்ள தழைச்சத்து அரைக் கிலோ யூரியா அளவுக்குத்தான் வரும். மண்ணில் மக்கிய பொருள் இருந்தால் அதை வேலை செய்ய வைக்கும், சரி. தீனியே இல்லாத மண்ணில் அது மட்டும் போதாது.

இப்போது செய்ய வேண்டியது: 20 கிலோ கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, செடிச் செடியாக அடியில் ஊற்றுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு 20 கிலோ. புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து உண்டு, ஆக 40 கிலோவில் ஏறக்குறைய 3 கிலோ. இடையில் கோமியம் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து விடுங்கள். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் இரண்டு கிலோ யூரியாவைக் கரைத்து வேரில் விடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. மூட்டையோடு வீசாதீர்கள், அவ்வளவுதான்.

வேலிக்காத்தான்:

யூரியா பேச்சை இங்கே எடுத்திருக்க வேண்டாம். ஒரு தடவை போட்டால் அடுத்த தடவையும் கை அங்கேதான் போகும். நான் பத்து வருடமாக ஒரு குருணைகூடப் போடவில்லை.

கண்மாய்க்கரை:

உங்கள் உறுதியை மதிக்கிறேன் அண்ணே. ஆனால் உங்கள் மண்ணுக்குப் பத்து வருடச் சோறு இருக்கிறது, இவர்களுக்கு இது முதல் வருடம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. தொழு உரத்தில் நூற்றுக்கு அரை பங்குதான், அதிலும் முதல் வருடம் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. ஒரு மூட்டைக்கு ஈடாக நாலு டன் போட்டாலும் அந்த வருடமே ஈடாகாது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் அடியோடு நிறுத்தச் சொன்னால், ஒரு பட்டம் நஷ்டப்பட்டவர் மறுபடி இயற்கைப் பக்கம் எட்டியே பார்க்க மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான்.

வேலிக்காத்தான்:

அது சரிதான். எனக்கும் முதல் இரண்டு வருடம் விளைச்சல் விழுந்தது, மறைக்கவில்லை. தாங்கியது கிடையால்தான். அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும்போது கீதாரியிடம் (ஆடு மேய்ப்பவரிடம்) பேசி, ஆடுகளை இரவில் வயலிலேயே அடைக்கும் ஆட்டுக்கிடை போடுங்கள் தங்கச்சி. புழுக்கையும் மூத்திரமும் ஒரே இரவில் மண்ணில் இறங்கும், வண்டிக் கூலி இல்லை. கிடை எடுத்ததும் உழுதுவிட வேண்டும், வெயிலில் விட்டால் சத்து ஆவியாகும். கோடையில் கண்மாய் வண்டல் அடிக்க அனுமதி கிடைத்தால் அதையும் விடாதீர்கள். சரளை மண்ணுக்கு வண்டலைப் போல ஈரம் பிடித்துத் தருவது வேறில்லை.

தென்னந்தோப்பு:

குவியலில் மிச்சம் இருக்கிறதா? அதில் வெள்ளையாக, கட்டை விரல் தடிமனில், தலை பழுப்பாகச் சுருண்டு படுத்திருக்கும் புழு இருந்தால் கவனம். பக்கத்தில் தென்னை இருந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். குப்பைக்குழியில்தான் அது வளரும்.

செம்மண்காடு:

இருக்கிறது! மண்ணுக்கு நல்லது செய்யும் புழு என்று நினைத்து விட்டுவைத்தேன். வீட்டுக்குப் பின்னால் ஆறு தென்னை நிற்கிறது.

தென்னந்தோப்பு:

குவியலைக் கிளறிக் கோழியை விடுங்கள், பொறுக்கித் தின்றுவிடும். மீதிக்கு மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து ஈரமான குவியலில் ஊற்றலாம், அது புழுவைப் பிடித்துக் கொல்லும்.

பள்ளத்தூர் பக்கம்:

அடுத்த குவியலுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். உமியை விட்டுவிட வேண்டாம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலியில் இருக்கிற கிளிரிசிடியா, கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு எல்லாம் பச்சையாக வெட்டிப் போடுங்கள், தழைச்சத்து அதிலிருந்துதான் வரும். குவியல் மூன்றடிக்குக் குறையக் கூடாது, சின்னக் குவியல் சூடாகாது. நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வையுங்கள். நாலாம் நாள் உருவினால் கையில் பிடிக்க முடியாமல் சுட வேண்டும். 55 டிகிரிக்கு மேல் போனால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். சூடு குறையும்போதெல்லாம் புரட்டிவிடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க ஒரு பிடி ஈரக் கம்போஸ்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐந்து நாள் வையுங்கள். திறந்தால் முதல் மழை மண்வாசம் வர வேண்டும், புளிப்போ மூத்திர நாற்றமோ வந்தால் இன்னும் ஆகவில்லை. அப்புறம் அதில் வெந்தயம் போட்டு முளைக்கிறதா பாருங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரமெல்லாம் இப்படி வெந்த கம்போஸ்டில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது சாயங்காலம் போட்டால்தான் பிழைக்கும். சாம்பலோடும் ரசாயன உரத்தோடும் கலக்காதீர்கள்.

டிஏபி பற்றியும் ஒன்று. நம் பக்கத்துச் செம்புறை மண் பல இடங்களில் புளிப்பு. அதில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். இத்தனை வருடம் போட்ட டிஏபியில் ஒரு பகுதி இன்னும் மண்ணிலேயே பூட்டிக் கிடக்கலாம். மண் பரிசோதனை செய்து பாருங்கள், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அங்கக கரிமம் (மண்ணில் மக்கிய பொருளின் கரி) எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள், அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. அடுத்த பட்டத்துக்கு டிஏபியை அதை வைத்து முடிவு செய்யுங்கள், யூரியாவை முன்பு போட்டதில் பாதியாக்குங்கள், அதற்கடுத்த பட்டத்தில் கால் பங்கு.

செம்மண்காடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புண்ணாக்குக் கரைசல் இரண்டு தடவையும், கோமியம் மூன்று தடவையும் விட்டேன். மனசு கேட்காமல் இரண்டு வரிசைக்கு மட்டும் கொஞ்சம் யூரியாவைக் கரைத்து விட்டுப் பார்த்தேன். அந்த வரிசைகள் நாலே நாளில் கறுத்தன. புண்ணாக்கு வரிசைகள் பன்னிரண்டு நாள் எடுத்தன, ஆனால் இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கத்தரி பூவெடுத்துவிட்டது. வெண்டையில் முந்தாநாள்தான் முதல் பறிப்பு, நாலு கிலோ. போன வருடம் இந்நேரம் இதைவிடக் கூட வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோழி இரண்டே நாளில் குவியலில் இருந்த புழுவைக் காலி செய்துவிட்டது. மண்ணைப் பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, கலந்து, நிழலில் காயவைத்து அரைக் கிலோ குன்றக்குடிக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருக்கிறேன். நேற்று களை எடுக்கும்போது மாடு கட்டிய மூலைக்குப் பக்கத்தில் ஒரு மண்புழு பார்த்தேன். அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வேலிக்காத்தான் அண்ணே, கிடைக்கு எந்த மாதம் கீதாரியிடம் பேச வேண்டும்? வைகாசியில் காடு காலியாகிவிடும்.