கிளாசிக்கல் கிட்டார்ல இருந்து லூட்டுக்குப் போறேன், எத்தனை கோர்ஸ் வாங்கலாம்?

கிட்டார்தாசன்:
வணக்கம் மக்களே. மியூனிக்ல இருக்கேன், கிளாசிக்கல் கிட்டார் சுமாரா வாசிப்பேன். டவுலண்ட், வைஸ்னு பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியமான லூட்டுக்கு இசை எழுதுன ரெண்டு பேரையும் கிட்டாருக்கு மாத்தி எழுதுன நோட்டுல வாசிச்சு வாசிச்சு இப்ப ஒரிஜினல் வாத்தியத்துலயே வாசிக்கணும்னு ஆசை வந்துடுச்சு. 13 கோர்ஸ் (சேத்து வாசிக்குற ஜோடி நரம்பு ஒரு கோர்ஸ்) லூட் ஒண்ணு வாங்கிட்டா எல்லாத்தையும் அதுலயே வாசிச்சுடலாம்ல? கொஞ்சம் மரவேலையும் தெரியும், அதனால கிட் (சேத்து ஒட்டவேண்டிய பாகங்கள்) வாங்கி நானே செஞ்சா செலவு மிச்சமாகுமான்னும் ஒரு யோசனை. அப்புறம் பழைய டேப் (டேப்லச்சர், எந்த நரம்புல எங்க விரல் வைக்கணும்னு காட்டுற இசைக்குறிப்பு) எல்லாம் எங்க கிடைக்கும்?

பழைய நரம்பு:
13 இப்ப வேண்டாம் ப்ரோ. டவுலண்டும் வைஸும் வாசிச்சது கிட்டத்தட்ட ரெண்டு வேற வாத்தியம். டவுலண்ட் காலத்து ரெனசான்ஸ் லூட் ட்யூனிங் உச்ச நரம்புல இருந்து ஜி, டி, ஏ, எஃப், சி, ஜி. வைஸோட பரோக் லூட் எஃப், டி, ஏ, எஃப், டி, ஏ, அதுக்குக் கீழ வரிசையா பேஸ் நரம்புங்க, அதாவது சும்மா தடவினாலே டி மைனர் கார்ட் கேக்கும், உங்க கிட்டார் விரல் பழக்கம் அங்க ஒண்ணுக்கும் உதவாது. ஆனா ரெனசான்ஸ் ட்யூனிங் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும், கிட்டார்ல மூணாவது ஸ்ட்ரிங்க ஜி-ல இருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கி மூணாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா நரம்பையும் அழுத்துற கிளிப்) போட்டுப் பாருங்க, அப்படியே ஜி லூட் ட்யூனிங் வந்துடும், ஒரிஜினல் டேப்ப நேரா பாத்து வாசிக்கலாம். கொஞ்ச மாசம் அதுல ஓட்டிட்டு அப்புறம் 7 இல்ல 8 கோர்ஸ் எடுங்க, ஸ்ட்ரிங் நீளம் 60 செ.மீ. பக்கம் இருந்தா போதும். 16ஆம் நூற்றாண்டு சரக்குல பெரும்பகுதி 6 கோர்ஸ்லயே அடங்கிடும்.

ட்யூனிங் தொல்லைக்கும் மனச தயார் பண்ணிக்கோங்க. எண்பது வயசு லூட் வித்வான் அறுபது வருஷத்த சுருதி சேக்குறதுலயே கழிச்சிருப்பான்னு ஜெர்மன் இசை எழுத்தாளர் மத்தேசன் 1713லயே கிண்டல் பண்ணிட்டார், 13 கோர்ஸ் கையில எடுத்தா அவர் பொய் சொல்லலன்னு தெரியும்.

உளிமுனை:
கிட் பத்தி நான் சொல்றேன். மரவேலை தெரியும்னு சொல்றீங்க, ஆனா மேசை நாற்காலி கை வேற, இது வேற. முதுகுல வர்ற ரிப் (மரப்பட்டை) ஒவ்வொண்ணும் 1.5 மி.மீ. பக்கம் தான், மேப்பிள் இல்ல யூ மரம், சூட்டுல வளைச்சு அச்சு மேல வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும், உள்பக்கம் இணைப்புல பேப்பர் இல்ல தோல் பட்டை ஒட்டுவாங்க. சவுண்ட்போர்ட் (முன்பக்க பலகை) ஸ்ப்ரூஸ் மரம், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு மெல்லிசு, நடுவுல இருக்குற ரோஸ் (பூவேலை செஞ்ச ஒலித்துளை) தனியா செஞ்சு ஒட்டுறது இல்ல, அதே பலகையில செதுக்குறது, ஒரு தடவ கத்தி வழுக்குனா பலகையே போச்சு. ஒட்டுறதுக்கு வஜ்ஜிரம் (சூடு பட்டா இளகுற பசை) தான், நாளைக்கு ரிப்பேருக்குப் பலகைய கழட்டணும்ல. கழுத்துல வர்ற ஃப்ரெட்டும் வீணை மாதிரி மெழுகுல பதிச்சது இல்ல, நரம்ப சுத்திக் கட்டி முடிச்சுப் போடுறது, அதனால ஃப்ரெட்ட கொஞ்சம் நகர்த்திக்கூட சுருதிய சரி பண்ணிக்கலாம்.

எல்லாத்துக்கும் மேல எடை. லூட்ட கையில எடுத்தா உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கணும். நரம்புல இழுவிசையே தலா 3 கிலோ சொச்சம் தான், அந்த சின்ன விசைக்கு கனமான பலகை அசையவே அசையாது. ஆன்லைன்ல விலை கம்மியா அலங்காரமா விக்குற சில லூட்டுங்க இதுலதான் கோட்டை விடுது, கிட்டார் கனத்துக்கு செஞ்சு பிருடையும் சரியா சுத்தாம ஒரு ஓரமா கிடக்கும். அதுக்கு வாடகை எவ்வளவோ மேல், லூட் சொசைட்டிங்க சிலது உறுப்பினர்களுக்கு வாடகைக்கு தர்றாங்க. செஞ்சே தீருவேன்னா மியூசியம் வாத்தியங்கள அளந்து போட்ட வரைபடம் அவங்ககிட்டயே விலைக்கு வாங்கலாம்.

மியூனிக்ல இருந்துட்டு ஃபூஸன் போகாம இருக்காதீங்க, 1562ல லூட் செய்யுறவங்களுக்கு கில்டு (தொழில் சங்கம்) வச்ச ஊர் அது. அங்க இருந்து பொலோன்யா, வெனிஸ், படோவான்னு பரவிப் போன கைகள் தான் இத்தாலியில பெரிய பெயர் எடுத்தது. பொலோன்யால லூட் செஞ்ச லாக்ஸ் மாலர் 1552ல செத்தப்ப பட்டறை கணக்குல ஆயிரத்துக்கு மேல லூட் இருந்துச்சு, ஒரு ஆள் உக்காந்து செய்யுற குடிசைத் தொழில்னு நினைச்சிடாதீங்க.

கடைசி_வரி:
டேப் கேட்டீங்கல்ல. மூணு வகை இருக்கு. பிரெஞ்சு டேப்ல எழுத்து, ஏ-ன்னா திறந்த நரம்பு, பி முதல் ஃப்ரெட், மேல் கோடு தான் உச்ச நரம்பு, இங்கிலாந்துக்காரங்களும் இதே தான். சி எழுத்து ஆர் மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. இத்தாலியன்ல நம்பர், ஆனா தலைகீழ், கீழ் கோடு தான் உச்ச நரம்பு, முதல் வாரம் தலை சுத்தும். ஜெர்மன் டேப்ல கோடே கிடையாது, ஒவ்வொரு நரம்புல ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் தனித்தனி குறி, அதுவும் 5 கோர்ஸ் காலத்துல உருவானது, ஆறாவது கோர்ஸ் வந்தப்ப ஆளாளுக்கு ஒரு குறி போட்டாங்க. இந்தக் கூத்த கண்டுபிடிச்சது பார்வை இல்லாத இசைக்கலைஞர் கான்ராட் பாமன்னு 1511ல ஃபிர்டுங்ங்கற இசை எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார். அந்த பாமன் கல்லறைக் கல்லு உங்க ஊர் ஃபிராவன்கிர்ஷே சர்ச்சுல தான் இருக்கு, அதுல லூட்டும் செதுக்கியிருக்காங்க, போய்ப் பாருங்க.

அச்சுல வந்த லூட் புத்தகத்துல மூத்தது அச்சகக்காரர் பெட்ரூச்சி 1507ல வெனிஸ்ல போட்ட ஸ்பினச்சீனோ புத்தகம், ஆனா ஆரம்பத்துக்கு அது கஷ்டம், அடுத்த வருஷம் வந்த டால்சா புத்தகம் எளிசு. ஐஎம்எஸ்எல்பிங்கற இலவச இசைநோட்டு தளத்துல ஸ்கேன் தேடுங்க. ஹோம்ஸ்ங்கறவர் எழுதி வச்ச லூட் கையெழுத்துப் பிரதிகள கேம்பிரிட்ஜ் லைப்ரரி ஆன்லைன்ல வச்சிருக்கு, டவுலண்ட் நிறைய இருக்கு அதுல. 1586ல ஹெர்வார்ட்ங்கறவர் சேத்து வச்ச இசைத் தொகுப்பு வந்து சேந்த இடமே பவேரியன் ஸ்டேட் லைப்ரரி, உங்களுக்கு ட்ராம் தூரம்.

கிட்டார்தாசன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், 13 ஆசைய ஒத்தி வச்சாச்சு. வலது கை நகம் வெட்டியே ஆகணுமா? கிட்டாரையும் விட முடியாதே.

பழைய நரம்பு:
ஜோடி நரம்பு ரெண்டையும் சேத்துத் தொடணும், நகம் இருந்தா ஒண்ணுல மட்டும் பட்டு டிக் டிக்னு கேக்கும். சுண்டு விரல் பலகை மேல, கட்டை விரல் மத்த விரலுக்கு உள்பக்கமா, சதையால வாசிக்கணும். வெட்டிடுங்க.

உளிமுனை:
நான் ஒத்துக்க மாட்டேன். பரோக் காலத்துல வைஸே ஒரு கடிதத்துல தியார்போவும் ஆர்ச்லூட்டும் (நீளக் கழுத்து லூட் வகைங்க) நகத்தால வாசிக்குறது வழக்கம்னு சொல்லியிருக்கார். குட்டையா வச்சுக்கிட்டு முதல்ல முயற்சி பண்ணுங்க, வாடகை லூட் கைக்கு வந்தப்புறம் முடிவெடுக்கலாம்.

பழைய நரம்பு:
அது தியார்போ அண்ணே, ஒத்தை நரம்பு. இவர் வாங்கப் போறது 8 கோர்ஸ்.