நாலறை வீவக வீட்டுக்கு எத்தனை கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர்?

தெம்பனிஸ் வாசி:
எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் தெம்பனிஸில் 1980களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நாலறை மறுவிற்பனை வீடு எடுத்திருக்கிறோம். இரண்டு குளியலறை, பழைய ஹீட்டர்களைக் கழற்றியாயிற்று. அமெரிக்க அட்டவணை ஒன்றில் இரண்டு ஷவருக்கு 18 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும் என்று போட்டிருக்கிறது. இங்கே கடையில் இன்ஸ்டன்ட் ஹீட்டர் (டேங்க் இல்லாமல், தண்ணீர் ஓடும்போதே சூடாக்குவது) எதைப் பார்த்தாலும் 3.3 கிலோவாட்தான். அது போதுமா, இல்லை இரண்டுக்கும் சேர்த்துப் பெரியதாக ஒன்று போடலாமா? மாஸ்டர் ரூமில் ரெயின் ஷவர் வைக்க ஆசை. புதுக் கம்பி இழுக்காமல் பக்கத்து 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகிவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். சரிதானா?

மின்கம்பி:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 3 கிலோவாட்தான். 3.3 கிலோவாட் ஹீட்டர் 14.3 ஆம்பியர் இழுக்கும். அந்த அளவுக்கு ஃபியூஸ் உடனே போகாது, ஆபத்தே அதில்தான். பிளக்கின் முனை தினமும் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, கடைசியில் கருகும். டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) தனியாக 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானே விழும் சுவிட்ச்), 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி, குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் (இரண்டு கம்பியையும் ஒன்றாகத் துண்டிப்பது), இவ்வளவும் வேண்டும். அந்தச் சுவிட்சின் திருகுகளை இறுக்காமல் விட்டால் அங்கேயும் இதே கதைதான். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனிடம் மட்டும் கொடுங்கள்.

இனி அளவு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அதை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும், இரண்டையும் பெருக்கி 0.07ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். குளிர் நாட்டில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரியில் வரும். அதை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 35 டிகிரி ஏற்ற வேண்டும். 8 லிட்டர் ஷவர் ஒன்றுக்கே 19.6 கிலோவாட் ஆகிவிடும். நம் ஊரில் தண்ணீர் 28 டிகிரியில் வருகிறது என்று வையுங்கள், 12 டிகிரி ஏற்றினால் போதும். 3.3 கிலோவாட் நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவுக்கு நல்ல சூடாகத் தரும். 18 கிலோவாட்டை இங்கே நினைக்கவே வேண்டாம். 40 ஆம்பியர் மெயின் சுவிட்சில் வீடு முழுவதற்கும் சேர்த்தே 9.2 கிலோவாட்தான்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 240 வோல்ட்டில் 3.6 என்று போட்டிருப்பது நம் 230 வோல்ட்டில் 3.3தான் தரும். 240 வோல்ட்டில் 3.3 என்றால் இங்கே 3 மட்டுமே.

மெயின் சுவிட்சில் என்ன எண் என்று பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு குளியலறையிலும் ஒரு நிமிடம் வாளியில் தண்ணீர் பிடித்து அளந்தும் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் வாசி:
மிக்க நன்றி. மெயின் சுவிட்ச் 30 ஆம்பியர். இரண்டு இடத்திலும் நிமிடத்துக்கு 6 லிட்டர் வருகிறது.

மின்கம்பி:
30 என்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. இரண்டு ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் 28.7 ஆம்பியர். அதோடு ஏர்கான் ஓடி, யாராவது கெட்டிலையும் போட்டால் மெயின் விழும், உடனே இல்லாவிட்டாலும் சில நிமிடத்தில். ரெனோவேஷன் நடக்கும்போதே 40க்கு மாற்றிவிடுங்கள். பிறகு செய்தால் சுவரை மறுபடி உடைக்க வேண்டிவரும். அப்படியே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சாதனம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். 1985 ஜூலைக்கு முந்தைய வீடுகளுக்கு அது முன்பு கட்டாயமில்லை, இப்போது எல்லா வீட்டுக்கும் கட்டாயம். ஹீட்டருக்குள்ளேயே இஎல்சிபி (அதே வேலைக்கான சாதனம்) இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

குழாய்_வால்வு:
6 லிட்டரையும் அப்படியே விட்டால் 8 டிகிரிதான் ஏறும், 36 டிகிரியில் வெதுவெதுப்பாக வரும். மழை நாளில் இன்னும் குறையும். ஹீட்டருக்குள் போகும் பக்கத்து வால்வைக் கொஞ்சம் மூடி 4 லிட்டருக்குக் கொண்டு வாருங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மிகாத மூன்று டிக் (தண்ணீர்ச் சிக்கன லேபிளில் உள்ள குறி) ஷவர் ஹெட் போட்டாலும் சரி. ரொம்பவும் குறைத்தால் ஃப்ளோ சுவிட்ச் (தண்ணீர் ஓட்டத்தை உணர்ந்து ஹீட்டரை இயக்குவது) தூண்டப்படாமல் ஹீட்டர் வேலையே செய்யாது.

முக்கியமானது, வெளியே வரும் பக்கத்தில் அடைப்பு எதுவும் கூடாது. கைப்பிடியில் நிறுத்தும் பொத்தானுள்ள ஷவர் ஹெட்டை மாட்டி, அதாலேயே தண்ணீரை நிறுத்துகிறார்கள். ஒரே ஷவருக்கான ஹீட்டர் வெளிவழி திறந்தே இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. அங்கே அடைத்தால் குழாயின் முழு அழுத்தமும் உள்ளே தங்கி ஹீட்டர் ஒழுக ஆரம்பிக்கும்.

ரெயின் ஷவர் 3.3இல் நடக்காது. நிமிடத்துக்கு 10 லிட்டர் கேட்கும் ஷவர் ஹெட்டுக்கு 5 டிகிரிகூட ஏறாது. அது வேண்டுமானால் மாஸ்டர் ரூமில் 30 லிட்டர் ஸ்டோரேஜ் டேங்க் போடுங்கள். 60 டிகிரித் தண்ணீர் 30 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் கணக்குப்படி 40 டிகிரியில் 80 லிட்டர், அதாவது 8 நிமிடக் குளியல். நடைமுறையில் கொஞ்சம் குறையும். 1.5 கிலோவாட் மாடல் எடுத்தால் 6.5 ஆம்பியர்தான், உங்கள் மெயினுக்கும் சுமை குறையும். முழு டேங்க் சூடாக முக்கால் மணி நேரம் ஆகும். இதைப் பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் பெற்ற பிளம்பர்தான் பொருத்த வேண்டும். பிரஷர் ரிலீஃப் வால்வின் (டேங்கில் அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியேற்றுவது) வடிகாலை எங்கே விடப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பல வீடுகளில் அதை மறந்து ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.