பெட்ரோல் வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு வருகிறதா?

தேர்வுமேசை:
ஒன்றிய அரசின் வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று பாடநூலில் இருக்கிறது. அப்படியானால் தமிழ்நாட்டில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வசூலாகும் கலால் வரியில் 41 சதவீதம் தமிழ்நாட்டுக்கே திரும்பி வர வேண்டும் அல்லவா? 'குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று போடும் செஸ் வரியில் பங்கு கிடையாது' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? கணக்கோடு யாராவது விளக்குங்களேன்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன.

முதலாவது, 41 சதவீதம் என்பது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. நாடு முழுவதும் வசூலான வரி ஒரே தொகுப்பில் சேரும். அதில் 41 சதவீதத்தை, வரிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் சூத்திரப்படி மாநிலங்களுக்குப் பிரிப்பார்கள். எந்த ஊர் பெட்ரோல் நிலையத்தில் வசூலானது என்பதைச் சூத்திரம் பார்ப்பதில்லை. மாநிலங்களுக்கான அந்தப் பணத்தில் 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வைத்தது 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939.

இரண்டாவது, எல்லா வரியும் அந்தத் தொகுப்புக்குள் வராது. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவு செஸ்ஸையும், 271ஆவது பிரிவின்படி வரியின் மேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜையும் வெளியே வைத்துவிட்டது.

பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு, 2025 ஏப்ரல் வரை லிட்டருக்கு ஒன்றிய வரி 19.90 ரூபாய். அதன் உள்பிரிவு:

அடிப்படை கலால் வரி 1.40
சிறப்புக் கூடுதல் கலால் வரி 11.00
வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50
சாலை, உள்கட்டமைப்பு செஸ் 5.00

பெயரில் 'கலால் வரி' என்று இருந்தாலும் அந்த 11 ரூபாய் சட்டப்படி சர்சார்ஜ்தான். பலரும் வழுக்கி விழும் இடம் இது. ஆகப் பகிர்வுக்கு வருவது 1.40 மட்டும். அதில் 41 சதவீதம் 57.4 காசு, அது எல்லா மாநிலங்களுக்கும். தமிழ்நாட்டின் 4.079 சதவீதம் என்று பார்த்தால் சுமார் 2.3 காசு. (வசூல் செலவைக் கழித்துத்தான் பங்கிடுவார்கள், அதை இங்கே சேர்க்கவில்லை.) மற்ற மாநிலங்களில் விற்கும் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் இதே 2.3 காசு தமிழ்நாட்டுக்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாநிலத்துக்குப் பெட்ரோலில் பெரிய வருவாய் இந்தப் பங்கிலிருந்து வருவதில்லை, விற்பனை மீது மாநிலமே போடும் சொந்த வாட் வரியிலிருந்து வருகிறது. 2021 ஆகஸ்ட் குறைப்பில் தமிழ்நாடு வைத்த விகிதம் 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர மாநிலங்கள் ஏன் தயங்குகின்றன என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

தேர்வுமேசை:
நன்றி ஐயா. வருமான வரியிலும் இதே கதைதானா?

வரவுசெலவு:
அதேதான், ஆனால் அளவு குறைவு. 2025-26 புதிய வரிமுறையில் வரிக்குரிய வருமானம் 54 லட்சம் என்றால் வரி 12 லட்சம். 50 லட்சத்தைத் தாண்டியதால் 10 சதவீத சர்சார்ஜ் 1.20 லட்சம். இரண்டும் சேர்ந்த 13.20 லட்சத்தின் மேல் 4 சதவீத சுகாதார, கல்வி செஸ் 52,800. ஆக மொத்தம் 13,72,800. தொகுப்புக்குப் போவது 12 லட்சம் மட்டும், அதில் மாநிலங்களுக்கு 4.92 லட்சம். கட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் 41 சதவீதம் 35.8 ஆகிவிடுகிறது.

தேர்வில் 'மொத்த வரி வருவாயில் 41 சதவீதம்' என்று எழுதிவிடாதீர்கள். 'பகிர்வுக்குரிய நிகர வரி வருவாயில்' என்று எழுதுங்கள்.

தணிக்கைத்தாள்:
மேலே சொன்னது சரி. ஆனால் செஸ் முழுவதும் மாநிலத்துக்கு எட்டாமல் போகிறது என்று முடிவு கட்டுவது மிகை. சாலை செஸ்ஸில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கு வருகிறது. கல்வி செஸ் ஒன்றிய நிதியுதவித் திட்டங்கள் வழியாக வருகிறது. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் மாநிலங்களுக்காகவே போடப்பட்டது. உரிமையாக வருகிறதா, நிபந்தனையோடு வருகிறதா என்பதுதான் சண்டை. பகிர்வுப் பணத்தை மாநிலம் தன் விருப்பப்படி செலவு செய்யலாம். திட்டப் பணத்துக்குப் பெரும்பாலும் 60:40 (ஒன்றியம் 60, மாநிலம் 40) என்று மாநிலமும் கைப்பணம் போட வேண்டும். தன் பங்கைப் போடாவிட்டால் அடுத்த தவணை நிற்கும்.

செஸ் தானாக உரிய இடத்துக்குப் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். முதலில் ஒன்றிய அரசின் வரி வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும் (மேலே சொன்ன பகிர்வுத் தொகுப்பு வேறு). பிறகு நாடாளுமன்ற ஒப்புதலோடு அதற்கான தனி நிதிக்கு மாற்ற வேண்டும். 2018-19இல் செஸ், பிற விதிப்புகள், கட்டணங்கள் என 35 இனங்கள் வழியே வந்த சுமார் 2.74 லட்சம் கோடியில் 1.64 லட்சம் கோடிதான் அப்படி மாற்றப்பட்டது என்று சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை சுட்டிக்காட்டியது.

கணக்குப்பிள்ளை:
தமிழ்நாட்டின் பங்கு பற்றி ஒரு சேர்க்கை. 13ஆவது நிதிக்குழுவில் 4.969, 14இல் 4.023, 15இல் 4.079. 15ஆவதின் சூத்திரத்தில் 45 சதவீத எடை 'வருமான இடைவெளி'க்கு, அதாவது தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதல். 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடு, சூழலுக்கு 10. வரி வசூல் முயற்சிக்கு வெறும் 2.5.

வரவுசெலவு:
சரிபார்க்க விரும்பினால் ஒன்றிய பட்ஜெட்டின் வரவு ஆவணத்தைத் திறங்கள். மாநிலவாரிப் பங்கு அட்டவணை பின்னிணைப்பில் இருக்கும். திருத்திய மதிப்பீட்டையும் பட்ஜெட் மதிப்பீட்டையும் குழப்பிக்கொள்ளாமல் பாருங்கள். இன்னொன்று: இந்தப் பங்கு ஆண்டுக்கு 14 தவணைகளாக வருகிறது. மாதமோ 12தான். ஆகவே சில மாதங்களில் இரண்டு தவணை சேர்ந்து வரும். 'மாநிலங்களுக்குக் கூடுதல் நிதி விடுவிப்பு' என்று அப்போது வரும் செய்தி சிறப்பு உதவியைக் குறிப்பதில்லை, முன்கூட்டி வந்த தவணைதான்.