ஜோபர்க் குளிர்ல ரிமோட் (ஆர்சி) 4டபிள்யூடி பக்கி கார் டிஃப் ஆயில் – உங்க அனுபவம் சொல்லுங்க

சாட்ஸ்வொர்த் சக்கரம்:
ஜூலை மாசம் என்3 ஹைவேல ஏறி ஜோபர்க் போய் ரேஸ் ஓட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா? நம்ம டர்பன்ல குளிர்காலம்னு பேருதான், மத்தியானம் டீ ஷர்ட்டோட நிக்கலாம், அங்க காலைல புல்லு மேல பனி உறைஞ்சு வெள்ளையா கிடக்கு. என்னோடது 1/8 அளவு எலக்ட்ரிக் ஆர்சி கார், டிஃப் (டிஃபரன்ஷியல், சக்கரங்கள வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) ஆயிலோட கெட்டி நம்பர் முன்னாடி 7000, சென்டர் 7000, பின்னாடி 3000, இங்க இதே செட்டப்ல ஒரு குறையும் இல்ல. அங்க மொத ஹீட்ல (ஃபைனலுக்கு முந்தின ரவுண்டு) த்ராட்டில விட்டுட்டு வளைவுல திருப்பினா திரும்பவே மாட்டேங்குது, நேரா ட்ராக் ஓர பைப்ல போய் முட்டுது, கேஸ் குடுத்தா மட்டும் முன்சக்கரம் இழுத்துட்டு போவுது. வெயில் ஏறினதும் தானா சரியாயிடுச்சு, நான் ஒரு ஸ்க்ரூவக்கூட தொடல.

பீனிக்ஸ் பினியன்:
அண்ணே ஆயில்தான். பாட்டில்ல போட்டிருக்கற 7000 எல்லாம் 25 டிகிரி கணக்கு, குளிர்ல சிலிகான் ஆயில் கெட்டியாயிடும், முன் டிஃப் பாதி லாக் ஆன மாதிரிதான் நடந்துக்கும். குளிர்ல அந்தப் பக்கம் போனா நான் முன்னாடியும் சென்டரும் 5000 போட்டுடுவேன், பின்னாடி கை வைக்கறதில்ல. ஒண்ணு, மத்தியானம் சூடாகி சென்டர் இளகிட்டா கேஸ் குடுக்கறப்ப வெயிட் பின்னாடி போயிடும், லேசா நிக்கற முன் டயருக்கே பவர் எல்லாம் ஓடி சும்மா பலூன் மாதிரி ஊதிக்கிட்டு சுத்தும். அதுக்காக சென்டர் டிஃப் ரெண்டு கட்டி வச்சிருக்கேன், காலைல 5000, ஃபைனலுக்கு 7000.

மாரிட்ஸ்பர்க் மாமா:
தம்பிங்களா எல்லாரும் ஆயில் நம்பர் பின்னாடியே ஓடுறீங்க. போன சீசன்ல பக்கத்து பிட்ல (வண்டி ரிப்பேர் பண்ற இடம்) ஒரு பையன், முன் டிஃப்ல 5000, 7000, 10000னு மாத்திக்கிட்டே இருந்தான், வண்டி கிர்ர்ர்னு அழுவுது. டயர கையால சுத்திப் பாத்தேன், ஒரு இடத்துல இறுகுது. ரிங் கியர் (டிஃப்போட பெரிய பல்சக்கரம்) பக்கத்து 0.1 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிசு வாஷர்) ஒண்ண எடுத்து எதிர்ப்பக்கம் போட்டோம், சத்தம் போச்சு. அப்புறம் டிஃப்ப திறந்தா உள்ள ஆயிலே பாதிதான் இருக்கு, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வழியா கசிஞ்சு எல்லாம் வெளிய! இதுல பத்தாயிரம் என்ன, லட்சம் ஊத்தினாலும் என்ன. உள்ள சின்ன கியருங்கள தாங்கற கிராஸ் பின் முழுகற அளவுக்கு ஊத்துங்க, குமிழி மேல வர்ற வரைக்கும் திறந்தே வைங்க, மூடினப்புறம் எடை போட்டு எழுதி வச்சுக்கங்க. நான் வீட்டம்மாவோட கிச்சன் தராசத்தான் தூக்கிட்டு வருவேன், மசாலா அளக்கறப்பதான் எனக்கு ஏச்சு விழும்.

டோங்காட் தூசி:
என்னோடது 1/10, சென்டர் டிஃப் கிடையாது, ஸ்லிப்பர்தான் (பவர் அதிகமானா வழுக்கி விடற கிளட்ச்). நம்ம கடலோர மணல் ட்ராக்ல அத கொஞ்சம் லூசா விட்டாதான் ஓட்ட முடியுது. கிளம்பறப்ப ஒண்ணு ரெண்டு அடிக்கு ஸ்ஸ்னு வழுக்கற சத்தம் கேக்கணும், அதுக்கு மேல வழுக்கினா கிளட்ச் பேட் கருகிடும். கார்ப்பெட் ட்ராக்ல ஓட்டறப்ப நல்லா இறுக்கிடுவேன்.

சாட்ஸ்வொர்த் சக்கரம்:
மாமா, திறக்கறப்ப எல்லாம் காஸ்கெட் மாத்தணுமா?

மாரிட்ஸ்பர்க் மாமா:
கிழிஞ்சிருந்தா மாத்து. ஓ-ரிங்க மட்டும் விடாத, புதுசு போட்டு கிரீஸ் தடவி உக்கார வை. டிஃப் ஸ்க்ரூவ குறுக்கு குறுக்கா இறுக்கு.